கட்டடமே இல்லாத முகாமைக் காப்பது எப்படி? – கேள்வி பதில்

பழைய போர்க்கால இடங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள். நான் நில அளவையில் காலம் கழித்தவன். அதனால் என் பதில்கள் கொஞ்சம் நிலத்தையே சுற்றி வரும்.

கேள்வி (உவர்மலை): ஆட்களை அடைத்து வைத்த முகாமை யாராவது நினைவிடமாகக் காத்திருக்கிறார்களா, ஐயா?

காத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் மன்சனார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் அமெரிக்கா தன் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரைப் பிடித்து அடைத்தது. மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாட்டுக் குடிமக்கள். பத்துப் பெரிய முகாம்களில் மன்சனாரும் ஒன்று. 1945இல் மூடினார்கள், அரசு அதைத் தேசிய வரலாற்று இடமாக்கியது 1992இல்தான். இடையில் 1969 முதல் அங்கே இருந்தவர்களும் பிள்ளைகளும் வருடாவருடம் யாத்திரை போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த நடை இல்லாவிட்டால் சட்டமும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி (கிண்ணியா): தகரக் கொட்டில்களை எல்லாம் கழற்றி விற்றுவிட்டால் காப்பதற்கு என்ன மிஞ்சும் சேர்?

நல்ல கேள்வி. மன்சனாரிலும் அதுதான் நடந்தது. மூடியதும் மரக் குடியிருப்புகளைக் கழற்றி விற்றார்கள். மிஞ்சியவை ஒரு மண்டபம், வாசலில் இரண்டு கல் காவல் அறைகள், இடுகாட்டில் ஒரு வெள்ளைத் தூண். அந்த மண்டபத்தையும் பல காலம் வீதி வேலை வாகனங்களைத் திருத்தும் கராஜாக வைத்திருந்தார்கள். இன்று அதுதான் காட்சிக்கூடம். ஆனால் நிலம் மறக்காது தம்பி. சீமெந்துத் தளங்கள் கிடந்தன. அடைபட்டவர்கள் கல்லடுக்கிக் கட்டிய குளமும் தோட்டமும் மண்ணுக்கடியில் இருந்தன, தோண்டி எடுத்தார்கள். நீர்த்தேக்கச் சுவரில் ஈரச் சீமெந்தில் கீறிய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் அமெரிக்காவைத் திட்டியவையும் உண்டு. அவற்றைப் பூசி மறைக்கவில்லை. அதுதான் ஒழுங்கான பாதுகாப்பு.

கேள்வி (சாம்பல்தீவு): பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது?

மன்சனாரிலேயே அதில் சண்டை. 1973இல் வைத்த பலகையில் ‘வதைமுகாம்’ என்ற பொருள்படும் சொல் வேண்டும், வேண்டாம் என்று பெரிய வாதம். கடைசியில் சொல் நின்றது, ஆனால் யாரோ அதன் எழுத்தைச் சுரண்டிவிட்டார்கள். எனக்கு அந்தச் சுரண்டலும் ஒரு ஆவணந்தான்.

கேள்வி (தம்பலகாமம்): நம் நாட்டில் சட்டம் இடம் தருமா?

தரும். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 1815 மார்ச் 2 ஒரு எல்லைக்கோடு. அதற்குப் பிந்தியதை அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக்கலாம். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை அடைத்த தியத்தலாவை இன்று இராணுவப் பயிற்சி இடம். உள்ளே போய் அளக்க நினைத்தால் அனுமதிக் கடிதம்தான் முதல் மேடு.

கேள்வி (சீனக்குடா): எங்கள் எண்ணெய்த் தாங்கிகள்?

அவை முகாம் அல்ல, ஆனாலும் பாடம் ஒன்றுதான். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்த 91ஆம் இலக்கத் தாங்கியின் இரும்பு, நெருப்பில் இளகிச் சரிந்த கோலத்திலேயே கிடக்கிறது. அதை நேராக்கி வர்ணம் பூசினால் கதை போய்விடும்.

கேள்வி (மூதூர்): ஐயா, மெனிக் பாம்? அம்மம்மா அங்கே இருந்தவ.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், பிள்ளை. வவுனியாவின் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்த ஆட்கள் 2009இல் இலட்சக்கணக்கில் அடைபட்டிருந்த முகாம், 2012 செப்டம்பரில் மூடினார்கள். வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர். கலை பற்றி எழுதிய ஆனந்த குமாரசுவாமியின் பெயரை முள்ளுக்கம்பிக்குள் வைத்த கொடுமையை என்ன சொல்ல! அங்கே கூடாரமும் தகரமும் போய்விட்டன. மிஞ்சியது ஆட்களின் கைகளில்தான். அம்மம்மாவிடம் வலய இலக்கம் எழுதிய அட்டை ஏதும் இருந்தால் எறிய வேண்டாம். அவ படுத்த இடத்திலிருந்து தண்ணீர்த் தாங்கி எந்தப் பக்கம், கக்கூசு எத்தனை அடி, வரிசை எங்கே திரும்பியது என்று கேட்டு ஒரு தாளில் கீறுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். பேனாவால் எழுதிய கணக்கு அங்கேதான் இருக்கும்.