நுண்சுருதிகளில், அதாவது பியானோவின் 12 சுரங்களுக்கு நடுவே விழும் சுருதிகளில், இசையமைக்க ஒரு மென்பொருள் செய்தால், அதன் திரை எப்படி இருக்க வேண்டும்?

முதல் வேலையாக, திரையின் ஓரத்தில் நிற்கும் பியானோவைத் தூக்கிவிடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்தாயியை 31 சம பாகமாகப் பிரிக்கும் முறையில் சின்னதாக ஒரு மெட்டுப் போடலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். சின்தசைசர் 31 சுரத்தையும் ஒழுங்காகவே ஒலித்தது. பியானோ ரோலில் (ஓரத்தில் பியானோ கட்டைகள் நிற்க, சுரங்களை வரிசை வரிசையாகப் பதிக்கும் திரை) மட்டும் அதே பழைய கறுப்பு வெள்ளைப் பட்டைகள். நடு சி, மிடியில் (கருவிகளும் கணினியும் சுரங்களை எண்களாகப் பரிமாறிக்கொள்ளும் முறை) 60. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி, 31 வரிசை தள்ளி 91இல் போய் விழுந்தது. அந்த வரிசைக்குத் திரை வைத்திருந்த பெயர் ஜி6! காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. போதாக்குறைக்கு, என் 61 கட்டைக் கீபோர்டில் இரண்டு ஸ்தாயிகூட முழுசாக அடங்கவில்லை.

ஆகவே வரிசைகளின் பெயர், நிறம், இடைவெளி எல்லாம் எடுத்துக்கொண்ட சுருதி முறையிலிருந்தே வரட்டும். ஸ்கேலா கோப்பை (சுருதி முறைகளை எழுதி வைக்கும் ஒரு கோப்பு வகை) திறந்ததும் திரையே மாற வேண்டும். அந்தக் கோப்பில் இடைவெளிகள்தான் இருக்கும், சுரங்களுக்குப் பெயர் இருக்காது. எனவே பெயர் சூட்ட ஓர் இடம் கொடுங்கள். படிகள் சமமில்லாத முறை என்றால், 50 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) இடைவெளி 100 சென்ட்டில் பாதியாகவே கண்ணுக்கும் தெரியட்டும்.

நான் ரொம்ப ஏங்கிய வசதி ஒன்று உண்டு. ஒரு சுரத்தை மவுஸால் மேலும் கீழும் இழுக்கும்போது, கூட இருக்கும் சுரமும் நிற்காமல் ஒலிக்க வேண்டும். சியும் ஈயும், பியானோவில்போல, 400 சென்ட் தள்ளி இருக்கையில் ஒலியில் ஒரு படபடப்பு கேட்கும். இரண்டும் தூய்மையாக இசையும் 386ஐ நெருங்க நெருங்க அது மெதுவாகி அடங்கிவிடும். எண்ணைப் பார்க்காமலே கை நின்றுவிடும். (31 முறையின் பத்தாவது படி 387. அந்த முறைமேல் பலருக்கு ஏன் இத்தனை ஆசை என்பது அப்போது விளங்கும்.)

மிடியில் பிட்ச் பெண்ட் (சுருதியை ஏற்றி இறக்கும் கட்டளை) ஒரு சானலையே, அதாவது அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும், மொத்தமாக வளைக்கும், அதனால் சுரத்துக்கு ஒரு சானல் ஒதுக்க வேண்டிவரும். சரி, அது உங்கள் தலைவலி. இசையமைப்பவர் கண்ணில் காட்டாதீர்கள்.

ஸ்தாயிக்கு 22 சுருதி என்பது நம் மரபு. நம் ஆட்கள் உடனே "22 சுருதிக்கு 22 வரிசை போடு" என்பார்கள். போடலாம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எந்த வரிசையில் வைப்பது? ரியையும் மவையும் தொட்டுத் தொட்டு ஆடுகிற சுரம் அது. அதற்கு ஒரே சுரத்துக்குள் வளைகோடு வரைய ஒரு பேனா வேண்டும்.