வீடியோவை நடுவில் வெட்டியதும் வாயும் குரலும் ஒட்டவில்லையா?

உங்கள் ஆடியோ டிராக் (டைம்லைனில் ஒலி இருக்கும் வரிசை) பூட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில், நீங்கள் சிராங்கூன் ரோட்டில் எடுத்த பேட்டியின் நடுவே 4 விநாடியை ரிப்பிள் டிலீட் (வெட்டி, இடைவெளியையும் மூடுவது) செய்தபோது வீடியோ இடப்பக்கம் நகர்ந்து இடைவெளியை மூடிவிட்டது, பூட்டிய ஏ1 (முதல் ஆடியோ டிராக்) மட்டும் அசையாமல் நின்றுவிட்டது, அதனால்தான் வெட்டுக்கு முன்னால் எல்லாம் சரி, பின்னால் குரல் 4 விநாடி தள்ளி வருகிறது.

முதலில் கண்ட்ரோல் இசட் அழுத்தி வெட்டை ரத்து செய்யுங்கள். ஏ1 ஓரத்தில் இருக்கும் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி வெட்டுங்கள். ரத்து செய்ய முடியாத அளவுக்கு வேலை முன்னேறிவிட்டதா? இணைந்த கிளிப்புகளின் மூலையில் சிவப்பு எண் தெரிகிறதா பாருங்கள். அந்த எண்ணின் மேலேயே ரைட் கிளிக் செய்து 'மூவ் இன்டு சிங்க்' கொடுத்தால் போதும், ஒவ்வொரு கிளிப்பாகத்தான் செய்ய வேண்டும், கொஞ்சம் கடுப்புதான்.

அப்புறம், பின்னணி நாதஸ்வரம் இருக்கும் டிராக்கில் சிங்க் லாக்கை (மற்ற டிராக்குகளோடு சேர்ந்து நகர வைக்கும் அமைப்பு) அணைத்து வையுங்கள், இல்லையென்றால் எக்ஸ்ட்ராக்ட் (குறித்த பகுதியை எடுத்துவிட்டு இடைவெளியை மூடுவது) செய்யும்போது அதுவும் சேர்ந்து வெட்டுப்படும்.

ஒன்று மட்டும்: வெட்டே இல்லாத இடத்திலும் குரல் போகப்போக விலகினால் இது தீர்வு இல்லை. கைப்பேசியில் எடுத்ததால் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) மாறிக்கொண்டே இருந்திருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.