மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு மனச்சோர்வு. அவனைக் கவனிப்பதே பெரும்பாடு என்று என் மாத்திரையைப் போன மாதம் நிறுத்திவிட்டேன். தினமும் கத்துகிறேன், அப்புறம் அழுகிறேன். மாமியார் 'வளர்ப்பு சரியில்லை' என்கிறார். நான் இல்லாமல் போனால் அவன் நன்றாக இருப்பானோ என்று தோன்றுகிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. இன்றே 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம். அந்த வரியை உங்கள் கணவரிடமும் அப்படியே சொல்லுங்கள். 'அசதியாக இருக்கிறது' என்று மழுப்ப வேண்டாம்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, தலைசுற்றல் வரலாம். பழைய சோர்வும் திரும்பலாம். நீங்கள் கத்துவதில் அதற்கும் பங்கு இருக்கக்கூடும். மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். தாயின் மனச்சோர்வு தணிந்தபோது பிள்ளைகளின் மனநலப் பிரச்சினைகளும் குறைந்ததை 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்களுக்கான வைத்தியம் மகனிடமிருந்து திருடிய நேரம் இல்லை.

மாமியார் சொல்வது தவறு. ஏ.டி.ஹெச்.டி. வருவதில் மரபணுவுக்கே பெரும் பங்கு. பெற்றோரில் ஒருவருக்கே அது இருந்தும் கண்டுபிடிக்கப்படாமல் போயிருப்பதுண்டு. உங்களையும் கணவரையும் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாது. காலை நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நின்றபடி 'பல் தேய், சாக்ஸ் போடு, பையை எடு' என்றால் அவன் காதில் கடைசிச் சொல்கூட நிற்காது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, 'சாக்ஸ் போடு' என்று மட்டும் சொல்லுங்கள். போட்டதும் உடனே பாராட்டுங்கள். சாயங்காலம் கொடுக்கும் பாராட்டு அவனுக்கு ரொம்பத் தாமதம்.

வீட்டுப்பாடத்தைக் கணவர் ஏற்கட்டும். அது உங்களுக்கு அவர் செய்யும் உதவி இல்லை, அவருடைய பிள்ளை. எழுந்திருக்கவே முடியாத நாட்களில் பாடம் பாக்கி இருந்தால் இருக்கட்டும். வகுப்பாசிரியரிடம் அவனைப் பற்றி முன்கூட்டியே சொல்லி, முன்வரிசையில் உட்கார வைக்கக் கேளுங்கள்.

தனியார் டாக்டருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் திருச்சி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.