ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர்?

வேகமான துப்பாக்கிச் சண்டை கேம்களில் மவுஸ் சென்சிடிவிட்டியை, அதாவது மவுஸை நகர்த்தினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்பை, எப்படித் தீர்மானிப்பது என்று கேட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே வகையான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இம்முறை கேள்வி-பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் நண்பனும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறோம். இருவருமே சென்சிடிவிட்டியை 2 என்றுதான் வைத்திருக்கிறோம். ஆனால் அவனுடைய கணினியில் எனக்குத் திரும்பவே முடியவில்லை; என்னுடையதில் உட்கார்ந்தால் திரை தறிகெட்டுச் சுழல்கிறது என்கிறான் அவன். என் மவுஸ் 1600 டி.பி.ஐ., அவனுடையது 400. யாருடைய அமைப்பு சரி?

பதில்: இருவரும் வைத்திருக்கும் எண் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு எத்தனை கவுண்ட்டுகளை, அதாவது ‘நகர்ந்தேன்’ என்ற சிறு குறிப்புகளை, அனுப்புகிறது என்பதைத்தான் டி.பி.ஐ. சொல்கிறது. வந்து சேரும் ஒவ்வொரு கவுண்ட்டையும் கேம் ஒரு சிறு கோணமாக மாற்றிக்கொள்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சென்சிடிவிட்டி 1 என்றால் ஒரு கவுண்ட்டுக்கு 0.022 டிகிரி, 1996இல் வெளிவந்த குவேக் கேமிலிருந்து வழிவழியாக வந்த எண் இது. ஆகவே டி.பி.ஐ.யையும் சென்சிடிவிட்டியையும் பெருக்கினால் கிடைக்கும் எண்ணுக்கே பொருள் உண்டு. ஆட்டக்காரர்கள் அதை இ.டி.பி.ஐ. என்கிறார்கள். உங்களுடையது 3,200, நண்பருடையது 800.

இதைக் கையால் அளக்கக்கூடிய தூரமாக மாற்றிவிட்டால் குழப்பம் இன்னும் குறையும். 41,564 என்ற எண்ணை உங்கள் இ.டி.பி.ஐ.யால் வகுத்தால், அந்தக் கேமில் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி, திரும்புவதற்கு மவுஸை எத்தனை சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும் என்பது கிடைத்துவிடும். உங்களுக்கு அது 13 செ.மீ., நண்பருக்கு 52 செ.மீ. நான்கு மடங்கு வேறுபாடு இருக்கும்போது ஒருவர் மவுஸ் மற்றவருக்குப் பிடிபடாமல் போவதில் வியப்பில்லை. இந்த வகைக் கேமில் 13 செ.மீ. என்பது பெரும்பாலானவர்களுக்கு அளவுக்கு மீறிய வேகம். அதற்கான காரணத்தை அடுத்தடுத்த பதில்களில் காணலாம்.

கேள்வி: விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்’ என்ற வசதியை அணைத்துவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அணைத்தால் டெஸ்க்டாப்பில் மவுஸ் மந்தமாகிவிடுகிறது. அவசியம் அணைக்கத்தான் வேண்டுமா?

பதில்: அந்த வசதி உண்மையில் செய்வது மவுஸ் முடுக்கம். கையை மெதுவாக நகர்த்தினால் பாயின்ட்டர் சிறிது தூரமும், அதே தூரத்தைக் கை வேகமாகக் கடந்தால் அதைவிட அதிக தூரமும் செல்லும்படி அது கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கிறது. முழுச் சுற்றுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற நிலையான அளவே அப்போது இல்லாமல் போகிறது. ஆனால் இன்றைய துப்பாக்கிச் சண்டை கேம்களில் பெரும்பாலானவை ‘ரா இன்புட்’ முறையில் மவுஸின் கவுண்ட்டுகளை நேரடியாகப் பெறுவதால், விண்டோஸின் இந்த வசதியோ, 11 படிகள் கொண்ட பாயின்ட்டர் வேக அமைப்போ கேமுக்குள் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. நீங்கள் ஆடும் கேம் அப்படிப்பட்டதானால் டெஸ்க்டாப்பை உங்கள் வசதிப்படி விட்டுவிடலாம். ரா இன்புட் இல்லாத பழைய கேம்களுக்கு மட்டும் முடுக்கத்தை அணைத்து, வேகத்தை ஆறாவது படியில், அதாவது நடுவில், வையுங்கள்.

முடுக்கம் என்றாலே தீங்கு என்றும் சொல்வதற்கில்லை. குவேக் போன்ற கேம்களில் அதைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய தேர்ந்த ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் முடுக்கத்தின் அளவைத் தாங்களே அமைத்துக்கொண்டவர்கள் என்பதுதான் வேறுபாடு.

கேள்வி: அப்படியானால் எனக்கு ஏற்ற தூரம் எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தினமும் ஒரு எண்ணை வைத்துப் பார்க்கிறேன். இன்று நன்றாக இருப்பது நாளை பிடிக்காமல் போகிறது.

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே தவிப்புதான். முதலில், எல்லோரும் தேடுகிற அந்த ஒற்றைச் சரியான எண் ஏன் அகப்படுவதில்லை என்பதைப் பார்ப்போம். ஓர் இலக்கை நோக்கிக் கையைக் கொண்டுசெல்ல ஆகும் நேரம், இலக்கின் தொலைவுக்கும் அகலத்துக்கும் இடையிலான விகிதத்தைப் பொறுத்தது என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் காட்டினார். நீங்கள் சென்சிடிவிட்டியைப் பாதியாகக் குறைக்கும்போது கை செல்ல வேண்டிய தூரம் இரட்டிப்பாகிறது. ஆனால் அதே நேரத்தில் கை நின்றாக வேண்டிய இடத்தின் அகலமும் இரட்டிப்பாகிவிடுவதால் விகிதம் மாறுவதில்லை. ஃபிட்ஸின் விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்த சென்சிடிவிட்டியும் ஒன்றுதான்.

வேறுபாடு தொடங்குவது இரண்டு ஓரங்களில். திரையில் ஒரு டிகிரி அகலத்தில் தெரியும் எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்றுக்கு 52 செ.மீ. என்று வைத்திருப்பவருக்கு அந்த அகலம் மேசைமீது ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர், 13 செ.மீ. வைத்திருப்பவருக்கோ 0.36 மில்லிமீட்டர். அவ்வளவு நுண்ணிய இடத்தில் மவுஸை நிறுத்தும்போது கையின் இயல்பான நடுக்கமும், பட்டனை அழுத்துகையில் மவுஸ் லேசாக அசைவதும் கூடக் குறியைத் தவறவைக்கப் போதுமானவை. மறுபக்கம், பின்னால் வந்த எதிரியை நோக்கி 180 டிகிரி திரும்ப, முதலாமவர் 26 செ.மீ. தள்ள வேண்டும், இரண்டாமவருக்கு 6.5 செ.மீ. போதும். அளவை 80 அல்லது 90 செ.மீ. வரை கொண்டுபோனால், மவுஸ் பேடின் விளிம்பில் முட்டி, மவுஸைத் தூக்கி மீண்டும் வைக்க வேண்டிவரும். அந்த ஒரு கணத்தில் குறி அசையாமல் நின்றுவிடுகிறது. இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவே இருக்கும் பரப்பு மிக அகலமானது. அதற்குள் எங்கே நின்றாலும் பழகினால் நன்றாகவே ஆடலாம் என்பதால்தான், நேற்று வைத்த எண்ணும் இன்று வைத்த எண்ணும் மாறி மாறிச் சரியெனத் தோன்றுகின்றன.

ஆகவே தொடக்கத்தை உங்கள் மேசையிலிருந்து எடுங்கள். மவுஸ் பேடின் நடுவில் மவுஸை வைத்து, முழங்கையை அசைத்து விளிம்பு வரை ஒரே இழுப்பில் தள்ளிப் பாருங்கள். அந்த ஓர் இழுப்பில் 180 டிகிரி திரும்ப முடிய வேண்டும். நாற்பத்தைந்து செ.மீ. அகலமுள்ள பேடானால் நடுவிலிருந்து விளிம்புக்கு 22 செ.மீ. இருக்கும், எனவே முழுச் சுற்று 44 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம் என்று பேடே உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. அடுத்து கேமின் இயல்பைப் பாருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் போன்றவற்றில் எதிரி எங்கிருந்து வருவான் என்பதை ஊகித்து முன்கூட்டியே குறியை அங்கே நிறுத்தி வைப்பதே வேலையின் பெரும்பகுதி என்பதால், 40 முதல் 60 செ.மீ. வரையான மெதுவான அளவுகள் பொருந்தும். எதிரி தாவியும் பறந்தும் செல்ல, அவனைக் குறியால் தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டிய ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஓவர்வாட்ச் போன்றவற்றில் 25 முதல் 40 செ.மீ. வசதியாக இருக்கும். இவை பரவலான வழக்கத்தை ஒட்டிச் சொன்ன எல்லைகள்தாம். இவற்றுக்கு வெளியே நின்று நன்றாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள்.

அளவு ஒன்றை வைத்துக்கொண்டபின், தவறும் குண்டுகளைக் கவனியுங்கள். குறி தொடர்ந்து இலக்கைத் தாண்டியே போகிறதென்றால் சென்சிடிவிட்டியை 10 சதவீதம் குறையுங்கள். இலக்குக்கு முன்பாகவே நின்றுவிடுகிறதென்றால் அதே அளவு கூட்டுங்கள். சில நேரம் தாண்டியும் சில நேரம் எட்டாமலும் போனால் எண்ணைத் தொடாதீர்கள், ஏனெனில் அங்கே கோளாறு அவசரத்திலோ, மவுஸை இறுக்கிப் பிடிப்பதிலோ இருக்கிறது. ஒரு மாற்றத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது அதிலேயே ஆடுங்கள். புதிய அளவில் முதல் சில ஆட்டங்களில் கூடுதல் கவனத்துடன் ஆடுவதால் வரும் தேர்ச்சியை எண்ணின் மகிமை என்று நம்பிவிடுவதே தினந்தோறும் மாற்றும் பழக்கத்துக்கு வித்திடுகிறது. ஓர் எண்ணின் பாதியையும் ஒன்றரை மடங்கையும் ஒப்பிட்டு, பிடித்ததை நோக்கி மெல்ல மெல்லச் சுருக்கிக்கொண்டே போகும் முறை ஒன்று பரவலாக இருக்கிறது. அதுவும் முதல் சில நிமிட உணர்வை மட்டுமே அளக்கிறது என்பதால் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: புகழ்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

பதில்: தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளத் தடையில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் தொழில்முறையாளர்களில் பெரும்பாலோரின் இ.டி.பி.ஐ. 600க்கும் 1,200க்கும் இடையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியே இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். அவருடைய மேசை அகலமும் நாற்காலி உயரமும் உங்களுக்கு இல்லையென்றால் எண் மட்டும் வந்து பயனில்லை.

கேள்வி: புதிய மவுஸ்களில் 20,000க்கும் மேலான டி.பி.ஐ. என்று விளம்பரம் செய்கிறார்கள். நான் இன்னும் 400இல் ஆடுகிறேன். பிக்சல்கள் தாண்டிப்போகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்: கணக்குப் போட்டால் பயம் தெளிந்துவிடும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கை 1920 பிக்சல் அகலத் திரையில் ஆடும்போது, பார்வைக் கோணம், அதாவது திரையில் ஒரே நேரத்தில் தெரியும் காட்சியின் அகலம், ஏறக்குறைய 106 டிகிரி. திரையின் நடுவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.08 டிகிரி. சென்சிடிவிட்டி 2இல் ஒரு கவுண்ட்டுக்கு 0.044 டிகிரிதான் திரும்புகிறது. அதாவது ஒரு பிக்சலைக் கடக்கவே ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்ட்டுகள் தேவை. சென்சிடிவிட்டி 3.6ஐத் தாண்டும்வரை எதுவும் தாண்டிப்போகாது.

உயர்ந்த டி.பி.ஐ.யால் ஒரு சிறு நன்மை உண்டு. கை மிக மெதுவாக, நொடிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில் நகரும்போது 400 டி.பி.ஐ. மவுஸ் 2.5 மில்லிநொடிக்கு ஒரு கவுண்ட் அனுப்பும், 1600 டி.பி.ஐ. மவுஸ் 0.6 மில்லிநொடிக்கு ஒன்று அனுப்பும். ஆகவே அசைவின் தொடக்கம் கொஞ்சம் முன்னதாகவே கேமை எட்டுகிறது. என் பரிந்துரை: 800 அல்லது 1600 வைத்து, இ.டி.பி.ஐ. மாறாதபடி கேமின் சென்சிடிவிட்டியை அதற்கேற்ப வகுத்துக்கொண்டு, அதன் பிறகு அதை மறந்துவிடுங்கள். இதைவிட ‘போலிங் ரேட்’ 125 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். அதை 1000 ஆக்கினால் மவுஸின் தகவல் 8 மில்லிநொடிக்கு ஒரு முறை வருவது மாறி ஒவ்வொரு மில்லிநொடிக்கும் வரும். எட்டாயிரம் ஹெர்ட்ஸ் என்பது பிராசஸருக்குக் கூடுதல் சுமை. பழைய கணினிகளில் அதனால் கேமே தடுமாறக்கூடும்.

கேள்வி: கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலிருந்து வாலரன்ட்டுக்கு மாறுகிறேன். என் கைப்பழக்கம் வீணாகாமல் எப்படி மாற்றிக்கொள்வது?

பதில்: வாலரன்ட்டில் ஒரு கவுண்ட்டுக்கு 0.07 டிகிரி என்பதால், உங்கள் பழைய சென்சிடிவிட்டியை 3.18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் அதே எண் செல்லும். ஓவர்வாட்ச்சுக்கு 3.33ஆல் பெருக்க வேண்டும். இதனால் முழுச் சுற்றுக்கான தூரம் ஒன்றாகிவிடும். எனினும் பார்வைக் கோணம் கேமுக்குக் கேம் மாறுவதால் திரையில் உருவங்கள் நகரும் வேகம் சற்று வேறாகத் தெரியலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் 106 டிகிரிக்கும் வாலரன்ட்டின் 103 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது.

கேள்வி: சாதாரணத் துப்பாக்கியில் குறி நன்றாக நிற்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் தொலைதூரத் துப்பாக்கியான ஏ.டபிள்யூ.பி.யில் ஸ்கோப்பைத் திறந்தால் மட்டும் கை ஓடிவிடுகிறது.

பதில்: ஸ்கோப் திறந்ததும் 90 டிகிரி என்ற அடிப்படைப் பார்வைக் கோணம் (4:3 திரைக்கான கணக்கு இது; அகலத் திரையில் இதுவே முன்பு சொன்ன 106 டிகிரி) 40 ஆகச் சுருங்குகிறது. கேம் அதற்கேற்ப மவுஸ் வேகத்தை 40க்கு 90 என்ற விகிதத்தில், அதாவது 0.44 மடங்காகக் குறைக்கிறது. ஆனால் திரையின் நடுவில் படம் உண்மையில் பெரிதாகும் அளவைக் கணக்கிட அரைக்கோணங்களின் டேன்ஜென்ட்டை எடுக்க வேண்டும்; அப்படிப் பார்த்தால் வேகம் 0.36 மடங்காகியிருக்க வேண்டும். இந்த இடைவெளியைத்தான் உங்கள் கை உணர்கிறது. ஜூம் சென்சிடிவிட்டியை 1இலிருந்து 0.82 ஆக்கினால் நடுத்திரையில் இரண்டு நிலைகளின் வேகமும் ஒத்துவரும். ஏற்கெனவே 1இல் பழகிவிட்டவர்கள் இதற்காக மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: சென்சிடிவிட்டியைக் குறைத்த பிறகு தோள் வலிக்கிறது. பழையபடி கூட்டினால் மணிக்கட்டு வலிக்கிறது.

பதில்: மெதுவான அளவில் முழங்கையும் தோளும் உழைக்கின்றன, வேகமான அளவில் மணிக்கட்டும் விரல்களும் உழைக்கின்றன. முழங்கை மேசையில் படாமல் தொங்குகிறதா, தோளை உயர்த்தியபடி ஆடுகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் நாற்காலியைச் சற்று உயர்த்தினாலே தோள் தளர்ந்துவிடும். முப்பது முதல் 40 செ.மீ. வரையான நடு அளவில், பெரிய திருப்பங்களை முழங்கையாலும் சிறு திருத்தங்களை மணிக்கட்டாலும் செய்யப் பழகுங்கள். விரல்களில் மரத்துப்போதலோ கூச்சமோ இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்; அதை எந்த எண்ணும் சரிசெய்யாது.

கேள்வி: நான் ஆடுவது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ். இந்தக் கணக்குகள் எனக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. களத்தை மேலிருந்து பார்த்து ஆடும் கேம் அது; அங்கே திரும்புதல் என்பதே இல்லை. பாயின்ட்டர் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். முடுக்கம் இல்லாமல் விண்டோஸின் நடுப்படியில் இருக்கும்போது, 1920 பிக்சல் திரையைக் கடக்க 800 டி.பி.ஐ.யில் 6 செ.மீ.யும் 1600இல் 3 செ.மீ.யும் ஆகும். மணிக்கட்டை மேசையிலிருந்து எடுக்காமல் இரண்டு விளிம்புகளையும் தொட முடிகிறது, சிறிய எதிரியைத் தவறாமல் கிளிக் செய்யவும் முடிகிறது என்றால், இப்போதிருக்கும் அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.