ஈயம் ஒட்டித் தீராத முறுக்கு

கேள்வி: 1/10 அளவு எலக்ட்ரிக் டூரிங் ரிமோட் காரை கார்பெட் டிராக்கில் ஓட்டுகிறேன். வலப்பக்கம் திருப்பினால் மூக்கு திரும்பாமல் விலகி ஓடுகிறது. இடப்பக்கம் திருப்பினால் வால் வெட்டிச் சுழல்கிறது. நான்கு தராசில் வைத்தபோது முன் இடம் 352, முன் வலம் 318, பின் இடம் 326, பின் வலம் 364 கிராம். எடையைச் சமன்செய்ய ஈயம் எங்கே ஒட்டுவது?

பதில்: எங்கும் ஒட்ட வேண்டாம். இடப்பக்கம் மொத்தம் 678, வலப்பக்கம் 682. இந்த 4 கிராமை மறந்துவிடலாம். குறுக்கே கூட்டுங்கள்: முன் இடமும் பின் வலமும் 716, மற்ற ஜோடி 644. ஒரு கால் குட்டையான கட்டில்போல உங்கள் கார் குறுக்குவாட்டில் நிற்கிறது. ஓட்டுநர்கள் 'ட்வீக்', அதாவது முறுக்கு, என்பது இதைத்தான். டயர்மீது பாரம் இரட்டித்தாலும் பிடி இரட்டிப்பதில்லை. வலத் திருப்பத்தில் வெளிப்புறமாகும் முன் இட டயரும், இடத் திருப்பத்தில் வெளிப்புறமாகும் பின் வல டயரும் அளவுக்கு மீறிச் சுமப்பதால் அந்தந்த முனையில் பிடி போகிறது.

முதலில் அளவை உறுதிசெய்யுங்கள். பேட்டரி, பாடி, டிரான்ஸ்பாண்டர் (சுற்று நேரம் பதிய உதவும் கருவி) எல்லாம் ஏற்றி, ஒரே விட்டமுள்ள டயர்கள் மாட்டி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சமமான கண்ணாடிப் பலகையில் தராசுகளை அடுக்குங்கள். ஆன்டி-ரோல் பார் (இட-வல சஸ்பென்ஷனை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) இரண்டையும் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் காரை அமுக்கி விட்டுப் பிறகு படியுங்கள். ஷாக் (அதிர்வுத் தாங்கி) உரசலே சில கிராம் பொய் சொல்லும்.

முறுக்கு அப்படியே இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். ஷாக்கைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் ஒவ்வொரு ஆர்மையும் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே விழ வேண்டும். இறுக்கம் இருந்தால் ஹிஞ்ச் பின் (ஆர்ம் அசையும் அச்சுக் கம்பி) வளைந்திருக்கிறது, அல்லது ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையம்) அதிகம். ஷாக் நீளத்தை வெர்னியர் அளவுகோலில் ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்கையும் விடாதீர்கள்: மோதலில் ஒன்று மட்டும் அமுங்கிக் குட்டையாகியிருக்கலாம்.

பிறகு சேசிஸ். பெரும்பாலும் குற்றவாளி இதுதான். சக்கரம் இல்லாமல் கண்ணாடியில் வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினால் டாப் டெக் (சேசிஸின் மேல்தட்டு) திருகுகளைத் தளர்த்தி, சேசிஸைக் கையால் தட்டையாக அழுத்திப் பிடித்தபடி குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே திருகை முழுதாக முறுக்கினால் அதுவே சேசிஸை இழுத்துவிடும்.

மிச்சத்துக்கு மட்டும் ஷாக் வளையம், அதாவது ஸ்பிரிங்கை இறுக்கும் திருகு வளையம். முன் இடத்தைக் கால் சுற்று தளர்த்தி, முன் வலத்தைக் கால் சுற்று இறுக்குங்கள். பின்னால் நேர் எதிர்: இடம் இறுக்கம், வலம் தளர்வு. நான்கையும் ஒரே அளவு திருப்பினால் உயரம் ஏறக்குறைய மாறாது. ஒரு முழுச் சுற்றைத் தாண்ட வேண்டியிருந்தால் நிறுத்துங்கள்; ஏதோ வளைந்ததை இன்னும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. குறுக்கு ஜோடிகள் 10 கிராமுக்குள் வந்தால் போதும். ஆன்டி-ரோல் பாரை மாட்டியதும் எண் மாறினால் பார் வளைந்திருக்கிறது, அல்லது அதை ஆர்மோடு இணைக்கும் லிங்க் நீளம் சமமில்லை.

டாமியா டிடி-02 (TT-02) கார் கிட்டோடு வரும், எண்ணெய் இல்லாத உரசல் டாம்பரில் இதைச் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். எண்ணெய் ஷாக்குக்கு மாறிய பின் பார்க்கலாம்.

ஈயம் தேவைப்படுவது இட-வலக் கூட்டல் சமமில்லாதபோதுதான். அப்போதும் கணக்கு ஏமாற்றும். டயர் நடுவுக்கும் சேசிஸ் நடுக்கோட்டுக்கும் சுமார் 82 மி.மீ. தூரம், நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ. தள்ளி 10 கிராம் ஒட்டினால் இட-வல வித்தியாசம் 5 கிராம்தான் மாறும். 300 கிராம் பேட்டரியை 1 மி.மீ. நகர்த்தினாலே ஏறக்குறைய 4 கிராம் கிடைக்கிறது, கூடுதல் எடையும் இல்லை.