சூபாக்கா இறந்தானா இல்லையா: உங்கள் கேள்விக்கு

வணக்கம் நண்பரே. பழைய ஸ்டார் வார்ஸ் நாவலில், விண்கல ஓட்டி ஹான் சோலோவின் ரோமம் அடர்ந்த தோழன் சூபாக்கா இறந்துவிடுகிறான், 2015 படத்திலோ உயிரோடு வருகிறான். அந்த மரணம் நடக்கவே இல்லை, ஒதுக்கப்பட்ட நாவல்கள் செத்துவிட்டன என்கிறார் உங்கள் நண்பர். எது உண்மை, அந்த நாவல்களைப் பழைய கடையில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்!

நீங்கள் படித்தது 1999இல் வந்த 'வெக்டர் பிரைம்'. செர்ன்பிடல் கோளின் மீது அதன் நிலவே வந்து விழுகிறது. ஹான் சோலோவின் மகன் அனாகினைக் கப்பலில் சேர்த்துவிட்டுச் சூபாக்கா அங்கேயே சிக்கிக்கொள்கிறான். அதன்பிறகு ஹான் நொறுங்கிப்போவதும், மகன் மீது கோபம் கொள்வதும் எந்தப் படத்திலும் கிடைக்காத கனம்.

2014 ஏப்ரலில், ஸ்டார் வார்ஸ் படங்களை எடுக்கும் நிறுவனமான லூக்காஸ்ஃபிலிம் அதுவரை வந்த நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜண்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கியது. படங்களும் 'குளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடரும் அதிகாரப்பூர்வக் கதையாக நின்றன. ஆகவே இன்றைய கணக்கில் அந்த மரணம் நடக்கவில்லை. உங்கள் நண்பர் சொல்வது சரி.

ஆனால் ஒதுக்கப்பட்டவை செத்துவிட்டன என்று அவர் சொல்வதை ஏற்கமாட்டேன். 1991 நாவலில் பிறந்த வில்லன் திரான், 'ரெபெல்ஸ்' அனிமேஷன் தொடர் வழியாக 2016இல் அதிகாரப்பூர்வக் கதைக்குள் திரும்பி வந்தான். அடுத்த முறை வாதம் தொடங்குமுன் லெஜண்ட்ஸா, அதிகாரப்பூர்வக் கதையா, எந்த வரிசையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். மறுபதிப்பு என்றால் அட்டையிலேயே 'லெஜண்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கும்; பழைய பதிப்பானால் வெளியான ஆண்டு 2014 ஏப்ரலுக்கு முந்தையதா என்று பாருங்கள்.