நின்ற இடம் எது?
கைவேலை: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டையே வெவ்வேறு சொற்களில் கூறுகின்றன: தொடங்கிய வேலை முடியவில்லை. பாடசாலையில் நீண்ட காலம் மனைப்பொருளியல் கற்பித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். சோம்பலால் நின்ற தையலை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். அடுத்து எதைச் செய்வதென்று தெரியாமல் அலுமாரிக்குள் போனவையே அதிகம். ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் வேலை எந்த இடத்தில் நின்றது என்பதையே முதலில் தேடினேன்.

கேள்வி: அம்மாவின் பழைய நூற்சேலைகள், பிள்ளைகளின் பாடசாலைச் சீருடைகள், ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வந்த வெட்டுத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஒட்டுப் போர்வை தைக்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கினேன். ஐந்து அங்குலச் சதுரங்களாக 112 துண்டுகள் வெட்டி பிஸ்கற் பேணியில் வைத்திருக்கிறேன். வயல் வேலையும் பிள்ளைகளும் இருப்பதால் போர்வை நகரவே இல்லை. நிறங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினால் முடிக்கலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நேரத்தைப் பிறகு பார்ப்போம். மொத்தம் எத்தனை துண்டுகள் வேண்டும் என்பதை நீங்கள் எழுதவில்லை. கணக்குப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் போர்வை நின்ற இடம் அதுதான். ஒருவர் போர்த்திப் படுப்பதற்கு 54 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் போதும். ஐந்து அங்குலச் சதுரத்தில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போவதால் கையில் மிஞ்சுவது நாலரை அங்குலம். அகலத்துக்குப் பன்னிரண்டு, நீளத்துக்குப் பதினாறு என மொத்தம் 192 துண்டுகள் வேண்டும். உங்களிடம் 112 இருக்கின்றன. இன்னும் 80 வெட்டினால் வெட்டும் வேலை முடிந்தது.

அந்த 192 துண்டுகளையும் ஒன்றாக நினைக்காதீர்கள். நான்குக்கு நான்காகப் பதினாறு துண்டுகளைச் சேர்த்தால் பதினெட்டு அங்குலக் கட்டம் ஒன்று கிடைக்கும். அவ்வாறான பன்னிரண்டு கட்டங்களே முழுப் போர்வை. பேணிக்குள் கிடப்பவை வெறும் துண்டுகளல்ல, சரியாக ஏழு கட்டங்கள். ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு குறுந்தையலும் வரிசைகளை இணைக்க மூன்று நெடுந்தையலும் ஆகப் பதினைந்து தையல்கள் வேண்டும். பிள்ளைகள் நித்திரையானபின் ஒரு வரிசை தைத்தால், அதாவது மூன்று குறுந்தையல், அன்றைய வேலை முடிந்துவிடும். மாதம் இரண்டு கட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதம் ஆகும். காலபோகச் சூடடிப்பு முடிந்த பங்குனியில் தொடங்குபவர் அடுத்த விதைப்புக்கு முன் போர்வையை விரித்துவிடலாம். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் ஊசியைத் தொடவே வேண்டாம். அந்த மாதங்களில் தைக்கவில்லை என்று மனம் வருந்துவதும் வேலையை நிறுத்தும் காரணங்களுள் ஒன்று.

தைக்கத் தொடங்குமுன் துண்டுகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தொழிற்சாலைத் துண்டுகளுள் ரீசேட் துணி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது பின்னல் துணி, இழுபடும். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் தையல் அலையலையாக வரும். எது பருத்தி, எது செயற்கை இழை என்று ஐயம் ஏற்பட்டால், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பாதுகாப்பாக எரித்துப் பாருங்கள்: பருத்தி கடதாசி எரியும் மணத்துடன் மென்சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கடினமான சிறு மணியாகத் திரளும். சிவப்பு, கருநீலத் துண்டுகளை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் ஒருமுறை அழுத்திப் பார்க்காமல் சீருடைத் துண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாயம் பரவிய போர்வையைக் கழுவிச் சரிசெய்யும் வழி எனக்குக் கிட்டியதில்லை.

கால் அங்குலத் தையலைக் கண்ணால் மட்டிடவும் வேண்டாம். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு மில்லிமீற்றர் கூடுதலாகப் பிடித்தால் ஒரு துண்டில் இரண்டு மில்லிமீற்றர் குறையும். பன்னிரண்டு துண்டுகள் உள்ள வரிசையில் அது 24 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஓர் அங்குலம். ஒரு கட்டம் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் வந்து இணைக்க முடியாமல் கைவிடப்பட்ட போர்வைகள் பல. தையல் இயந்திரத்தின் ஊசி இறங்கும் இடத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி ஒரு துண்டு பிளாஸ்ரரை ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிச் செல்லுமாறு தையுங்கள். ஒவ்வொரு தையலையும் மினுக்கியபின் அடுத்ததற்குப் போங்கள்.

இனி, பெரும்பாலானோர் இரண்டாவது முறை நிற்கும் இடம்: மேல்துணி, நடுத்துணி, பின்துணி ஆகிய மூன்றையும் அடுக்கித் தைப்பது. முழுப் போர்வையை விரிக்க நம் வீடுகளில் இடமும் போதாது. காலால் மிதிக்கும் இயந்திரத்தில் அதை மடித்து நுழைப்பதும் பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அடுக்கி முடித்துவிடுங்கள். நடுவில் பழைய நூற்சேலைத் துணியைப் பதினெட்டு அங்குலமாகவும், பின்துணியை இருபது அங்குலமாகவும் வெட்டி, கட்டத்துக்குக் கீழே வைத்து, மூன்று அங்குல இடைவெளியில் கையால் நூலோட்டம் போடுங்கள். ஓரத்தில் ஓர் அங்குலத்தைத் தைக்காமல் விடுங்கள். பின்னர் இரு கட்டங்களின் மேல்துணிகளை மட்டும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து இயந்திரத்தில் இணைத்து, புரட்டிப் போட்டு, ஒரு பின்துணியை விரித்து, மற்றதன் ஓரத்தை அரை அங்குலம் உள்மடித்து அதன்மேல் கையால் தைத்துவிடலாம். இவ்வேலையை மடியில் வைத்து, விறாந்தையில் இருந்தபடியே செய்யலாம். நடுவில் இலவம் பஞ்சு வைக்க எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விடுங்கள். அது தலையணைக்கு உரியது, கழுவினால் ஒரு மூலையில் கட்டிபட்டுவிடும். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டத்தாலேயே தைக்கும் காந்தா போர்வையில் பஞ்சு என்பதே இல்லை. நம் வெக்கைக்கும் அதுவே பொருத்தம்.

நிறங்கள் ஒத்துப்போகாதது குறித்து நான் கவலைப்பட மாட்டேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்துத் தேய்ந்த உடுப்புகளை வெட்டி, கோணல்மாணலாகவே இணைத்துத் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் அரும்பொருளகங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன; 2006இல் அந்நாட்டு அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. ஆயினும் ஒரு சிறு உதவி சொல்கிறேன்: ஒவ்வொரு கட்டத்திலும் சீருடை வெள்ளை நான்கு துண்டுகளாவது வருமாறு பகிர்ந்துவிடுங்கள். கண் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற நிறங்களைப் பொறுத்துக்கொள்ளும்.

கேள்வி: மகள் கனடாவில் கருவுற்றிருந்தபோது, அவள் அனுப்பிய அக்ரிலிக் நூலில் பேரப்பிள்ளைக்கு ஒரு சுவெற்றர் பின்னத் தொடங்கினேன். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை முடிந்துவிட்டன. பிள்ளைக்கு இப்போது ஒன்பது மாதம். அளவு காணாது என்ற பயத்தில் மற்றக் கையைத் தொடங்கவில்லை. பிரித்துவிடட்டுமா? அல்லது ஒரு போர்வையாவது பின்னி அனுப்பட்டுமா?
– ஒரு அம்மம்மா, அக்கராயன்

பதில்: பிரிக்க வேண்டாம் அம்மா. பயம் தீர ஒரே வழி அளப்பதுதான். பிள்ளைக்கு இன்று அளவாக இருக்கும் சுவெற்றர் ஒன்றை மேசையில் விரித்து, கக்கத்துக்குக் கீழே குறுக்காக அளந்து சொல்லும்படி மகளிடம் கேளுங்கள். அசையும் குழந்தையை அளப்பதைவிட அது நம்பகமானது. பிறகு உங்கள் பின்னலில் பத்துச் சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். மாதிரித் தாளில் 22 என்று இருக்க, உங்கள் கை இறுக்கமாக இருந்து 24 வந்திருந்தால், 62 கண்ணிகளில் கிடைக்க வேண்டிய 28 சென்ரிமீற்றர் 26 ஆகக் குறைந்திருக்கும். முன்னும் பின்னும் சேர்த்து நான்கு சென்ரிமீற்றர். பலருக்கும் சுவெற்றர் சிறுப்பது இதனால்தான். குழந்தை வளர்ந்துவிட்டது என்று பழியைக் குழந்தைமேல் போட்டுவிடுகிறோம்.

மார்பளவு காணும், கை மட்டும் குட்டை என்று தெரிந்தால், முடித்த கையையும் சேர்க்காமல் கையில்லாச் சுவெற்றராக்கிவிடுங்கள். கக்க வளைவைச் சுற்றிக் கண்ணிகளை எடுத்து, ஒன்று நேர், ஒன்று எதிர் என்று ஐந்தாறு வரிசை பின்னி முடித்தால், நேர்த்தியாக இருக்கும். உள்ளே சட்டை போட்டு அணியக்கூடிய அந்த உடுப்பு ஒரு முழுக் குளிர்காலம் கூடுதலாக உழைக்கும். மறுமுறை பின்னும்போது இரு கைகளையும் ஒரே ஊசியில், இரண்டு நூற்பந்துகளிலிருந்து ஒருங்கே பின்னுங்கள். இரண்டாவது கை என்ற ஒன்று மிஞ்சாது. நூல் போதாவிட்டால், சுற்றியிருந்த தாளில் உள்ள சாயத் தொகுதி இலக்கத்தை மகளுக்கு அனுப்பி, அதே இலக்கத்தையே தேடச் சொல்லுங்கள். அக்ரிலிக்கின்மேல் சூடான அழுத்தியை வைக்காதீர்கள். இழை தளர்ந்தால் மீளாது.

போர்வையைப் பொறுத்தவரை, ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் தொட்டிலில் தளர்வான போர்வை எதனையும் வைக்கக் கூடாது என்பதே அங்குள்ள மருத்துவ அறிவுறுத்தல். மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. கழுத்தில் நாடா கட்டும் தொப்பியும் வேண்டாம். பிறந்தநாள் கழிந்தபின் போர்வையை ஆறுதலாகத் தொடங்கலாம்.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஊருக்குப் பின்னல் வேலை பொருந்தாது என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகி, மாங்குளம்

பதில்: இன்று அறியப்பட்ட மிகப் பழைய பின்னல் துணிகளுட் சில எகிப்தில் கிடைத்த, அவுரி நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகள். வெயில் நாட்டில் பின்னியவை என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். ஆனால் நூலை மாற்றுங்கள்: கம்பளியும் அக்ரிலிக்கும் ஈரக்கையில் ஒட்டும், பருத்தி நூல் அவ்வளவு ஒட்டாது. விடியற்காலையே உங்கள் நேரம். ஊசி எந்தப் பருமன் என்றும் பாருங்கள். பொருள்கள் வராத காலத்தில் நாங்கள் சைக்கிள் கம்பியைத் தீட்டிப் பின்னியதுண்டு, ஆனால் அது இரண்டு மில்லிமீற்றர் மட்டுமே, தடித்த நூல் அதில் இறுகி நிற்கும். வியர்வையின்மேல் பழியைப் போடுமுன் ஒரு பருமன் பெரிய ஊசியில் முயன்று பாருங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றபின் ஒரு சால்வை பின்னப் பழகுகிறேன். ஒரு கண்ணி நழுவினால் முழுவதையும் பிரித்துவிடுகிறேன். மூன்று மாதமாக ஒரு சாணுக்குமேல் வளரவில்லை. ஆண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று நண்பர்கள் சிரிப்பது வேறு.
– ஓய்வூதியர், வவுனியா

பதில்: ஐயா, ஒவ்வொரு பத்து வரிசைக்கும், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளினூடாகவும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றை மொட்டை ஊசியால் கோத்து விட்டுவிடுங்கள். எவ்வளவு பிரித்தாலும் பின்னல் அந்த நூலில் வந்து நிற்கும். கண்ணிகளை அப்படியே ஊசியில் ஏற்றித் தொடரலாம். நழுவிய ஒற்றைக் கண்ணிக்கு அதுவும் வேண்டாம். குறோசே ஊசியால் ஏணிப்படிபோல் ஒவ்வொரு இழையாக இழுத்து மேலே கொண்டுவரலாம். நண்பர்களுக்கு: பெரு நாட்டின் தகிலே தீவில் ஊசி பிடித்துப் பின்னுபவர்கள் ஆண்களே, தங்கள் தொப்பிகளை அவர்களே பின்னிக்கொள்கிறார்கள்.

கேள்வி: அம்மா தைத்துக்கொண்டிருந்த ஒட்டுப் போர்வை ஒன்றை, 2009இல் இடம்பெயர்ந்தபோது உடுப்பு மூட்டையைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தோம். முகாமிலும் அதுவே விரிப்பு. அம்மா இப்போது இல்லை. மூன்றில் ஒரு பங்கு தைக்கப்படாமல் இருக்கிறது. ஊசிகூடக் குத்தியபடியே துருப்பிடித்திருக்கிறது. நான் அதைத் தைத்து முடிக்கலாமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: முடிக்கலாம். முடிக்காமலும் விடலாம். எதைச் செய்தாலும் முதலில் துணி தாங்குமா என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை நைந்த இடங்கள் தெரியும். அவற்றை வெட்டி நீக்காமல், போர்வை முழுவதுக்கும் கீழே, கழுவிச் சுருங்கவிட்ட புதிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, நைந்த இடங்களைச் சுற்றித் தளர்வாக நூலோட்டம் போட்டு அதனோடு பிணையுங்கள். அம்மாவின் தையல்மேல் தைக்காதீர்கள். தொடர்ந்து தைப்பதாயின் வேறு நிற நூலில் தையுங்கள். எது அவருடைய கை, எது உங்களுடைய கை என்பது பிறகு பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அவரைப்போலவே தைக்க முயல்வதால்தான் இத்தனை காலமும் தொடங்கத் தயங்கினீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து எண்ணத் தோன்றுகிறது.

துருப்பிடித்த ஊசியை இழுக்க வேண்டாம்; இழைகள் அதனோடு அறுந்து வரும். ஊசியின் இரு பக்கத் துணியையும் விரல்களால் மெல்ல விலக்கி, குத்திய திசையிலேயே சிறிது சிறிதாகத் தள்ளி எடுங்கள். எலுமிச்சம்புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் துருக்கறை போகும் என்பது உண்மைதான். புதுத் துணிக்கு அது சரி. நைந்த பருத்தியை அந்தப் புளிப்பு இன்னும் இளக்கிவிடும் என்பதால் இந்தப் போர்வையில் அதைச் செய்யாதீர்கள். கறை இருக்கட்டும். நிழலில் உலர்த்தி, மடிப்பு ஒரே இடத்தில் விழாதபடி சுருட்டி, கறையான் எட்டாத உயரத்தில் றங்குப் பெட்டியில் வையுங்கள். மாரி முடிந்ததும் ஒருமுறை எடுத்துக் காற்றாட விடுங்கள்.